சாமி வந்தவரின் மூளையில் என்ன தெரியும்?

கோயில்களில் கொடைத் திருவிழாக் காலம் முடிந்த கையோடு எங்கள் பரிசோதனை அறைக்கு ஒரு கேள்வி தவறாமல் வந்து சேரும். நாகர்கோவிலில் ஒரு தனியார் மருத்துவமனையில் மூளை அலைப் பதிவு எடுப்பது என் வேலை. ஈ.ஈ.ஜி. என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். தலைக்கு எண்ணெய் வைக்காமல் குளித்து, முந்தின இரவுத் தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வரச் சொல்வோம். மண்டையை நாடாவால் அளந்து, பசை தடவி, 21 மின்முனைகளை ஒட்டி, கண்ணை மூடிப் படுக்க வைப்போம். நான் ஒட்டிக்கொண்டிருக்கும்போதே, கூட வந்திருக்கும் வயதான பெண்மணி மெதுவாக ஆரம்பிப்பார்: "மக்களே, இவளுக்கு வந்தது சாமியா, சீக்கா? இந்த மிஷினில் தெரிந்துவிடுமா?"

வலிப்பு நோய் என்றால் பல சமயம் ஏதாவது தடயம் தெரியும். சில சமயம் அதுவும் தெரியாது. பதிவு சீராக இருப்பதாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. சாமி தெரியுமா என்ற கேள்விக்கு டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வதுதான் என் வழக்கம். ஆனால் கேள்வி என்னை விடுவதில்லை.

யோசித்துப் பாருங்கள். வலிப்புக்கு நேரம் காலம் கிடையாது. பஸ்ஸில் வரும், அடுக்களையில் வரும், குளத்தில் இறங்கியிருக்கும்போது வரும். சாமி அப்படியா வருகிறது? கொடை நாளில்தான் வரும். அன்றும் கண்ட நேரத்தில் வராது. வில்லுப்பாட்டுக்காரர் கதையை நகர்த்திக்கொண்டுபோய், சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும்போது, குடமும் உடுக்கையும் வேகம் பிடிக்கும்போது, பெண்கள் குரவையிடும்போது வரும். எல்லோருக்கும் வந்துவிடவும் முடியாது. இந்தக் கோயிலில் இந்தக் குடும்பத்தார்தான் கோமரத்தாடி, அதாவது சாமியாடி, என்று ஊருக்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் இல்லாத ஒருவர் ஆட ஆரம்பித்தால் "வந்திருப்பது யார், சொல்" என்று விசாரணை நடக்கும். பதில் திருப்தியாக இல்லையென்றால் விபூதி பூசி உட்கார வைத்துவிடுவார்கள். ஆடுகிறவரின் உடம்பு நடுங்குவது நிஜம். நாடி ஓடுவது நிஜம். அந்த நடுக்கத்துக்குத் தேதியும் தாளமும் வாரிசு உரிமையும் குறித்துக் கொடுத்தது ஊர். நான் ஒட்டும் 21 மின்முனைகளில் எதுவும் ஊருக்குப் போவதில்லை.

இந்தக் கருவி பிறந்த கதையைப் படித்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. மனித மூளையின் மின்னலைகளை 1924-ல் முதன்முதலில் பதிவு செய்தவர் ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர். அதை 1929-ல் வெளியிட்டார். தன் மகனின் தலையிலேயே பலமுறை பதிவு எடுத்தவர். அவரை இந்த வேலைக்குத் தள்ளிய சம்பவம் அதற்குப் பல ஆண்டுகள் முந்தையது. இளைஞராக ராணுவப் பயிற்சியில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சக்கரத்தில் மாட்டாமல் மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே, வெகுதொலைவில் வீட்டில் இருந்த சகோதரிக்கு மனம் படபடத்து, தம் தந்தையை வற்புறுத்தித் தந்தி அடிக்க வைத்தாராம். ஒரு மனிதரின் பயம் இன்னொருவரை எப்படி எட்டியது என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் பெர்கர் மூளையின் ஆற்றலை அளக்கக் கிளம்பினார். தேடியது இரண்டு பேருக்கு நடுவில் இருப்பதை. கிடைத்ததோ, கண்ணை மூடித் தனியாகப் படுத்திருக்கும் ஒருவரின் தலையில் நொடிக்கு எட்டு முதல் 13 முறை அசையும் ஆல்ஃபா அலை. நரம்பியல் இன்றைக்கும் பெரும்பாலும் அந்தத் தனி மனிதரோடுதான் இருக்கிறது. ஒரு குழாய்க்குள் ஒருவரைப் படுக்க வைத்து, சமூகத்தைப் படமாகக் காட்டுகிறது.

என் சித்தி மகள் சமூகவியல் படித்துக் கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். அவளுக்கு மூளை என்ற சொல்லைக் கேட்டாலே எரிச்சல். சமூக நிகழ்வுக்குக் காரணத்தை அதற்கு முந்தைய சமூக நிகழ்வுகளில் தேடு, தனி மனிதர் மனத்துக்குள் தேடாதே என்று எமில் துர்கைம் 1895-லேயே விதி எழுதிவிட்டார், பிறகு எதற்கு இந்த ஸ்கேன் படங்கள் என்பாள். சமூகவியல் என்ற பெயரையே பரப்பிய ஒகுஸ்த் கோம்ட், மண்டையோட்டின் மேடு பள்ளத்தைத் தடவிக் குணம் சொல்லும், பிரான்ஸ் யோசப் கால் என்ற மருத்துவரின் கோட்பாட்டை அறிவியல் என்று நம்பியவர் என்பதை நான் எடுத்துவிடுவேன். அவள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும்.

ஒருமுறை அவளிடம் ஸ்பெயினில் நடந்த தீமிதி ஆய்வைச் சொன்னேன். சான் பெத்ரோ மன்ரீக்கே என்ற சிற்றூர். ஜூன் மாதத் திருவிழா இரவில் ஆட்கள் கனலின் மேல் நடக்கிறார்கள், பெரும்பாலும் ஒருவரை முதுகில் சுமந்துகொண்டு. நடந்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் இதயத் துடிப்பு அளக்கும் பட்டையைக் கட்டிவிட்டு, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். நடந்தவரின் துடிப்பு ஏறி இறங்கியதை ஒட்டியே, சும்மா உட்கார்ந்திருந்த உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியது. வெளியூரிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களிடம் அந்த ஒற்றுமை இல்லை. பெர்கரின் சகோதரிக்கு ஏறக்குறைய ஒரு பதில் கிடைத்துவிட்டது என்று எனக்குப் பெருமை.

அவள் கேட்டாள்: "அண்ணே, யார் உறவினர், யார் வெளியூர்க்காரர் என்று அந்தப் பட்டை சொன்னதா?"

இல்லை. ஆய்வாளர்கள் விசாரித்து எழுதி வைத்திருந்தார்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் அது வெறும் துடிப்புக் கோடுகளின் குவியல். அந்தச் சின்னக் கேள்வியில் அவள் கெட்டிக்காரி.

ஸ்கேன் படங்களை எல்லோரும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. எஃப்.எம்.ஆர்.ஐ. என்னும் அந்த வகை ஸ்கேன் சிந்தனையை அளப்பதில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு மாறுவதைச் சில நொடி தாமதமாக அளக்கிறது. 2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் செத்துப்போன ஒரு சால்மன் மீனை ஸ்கேன் கருவிக்குள் வைத்து, மனிதர்கள் பழகும் படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று கேட்டார்கள். கணக்கில் உரிய திருத்தம் செய்யாமல் பார்த்தபோது மீனின் மூளையில் ஒரு புள்ளி வெளிச்சம் காட்டியது. திருத்தம் செய்ததும் அது மறைந்துவிட்டது. குளச்சல் ஏலக்கூடத்தில் இதைச் சொன்னால் செத்த மீனுக்கு இவ்வளவு மரியாதையா என்பார்கள். ஆனால் பத்திரிகைகளில் வரும் 'காதலின் மையம்', 'பொறாமையின் மையம்' வகைச் செய்திகளைப் படிக்கும்போது எனக்கு அந்த மீன்தான் ஞாபகம் வருகிறது.

இதே எச்சரிக்கையோடு நம்மூர்க்காரர் ஒருவரையும் படிக்க வேண்டும். நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் சென்னையில் மருத்துவம் படித்தவர், உலகப் புகழ் பெற்றவர். இத்தாலியின் பார்மாவில் குரங்குகளிடம் கண்டுபிடிக்கப்பட்ட கண்ணாடி நியூரான்கள் அவருக்கு மிகவும் பிடித்தமானவை. தான் ஒரு பொருளை எடுக்கும்போதும், மற்றவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் இயங்கும் நியூரான்கள் அவை. அடுத்தவரின் வலியை நம் வலியாக்கி, உனக்கும் எனக்கும் உள்ள தடுப்பைக் கரைக்கின்றன என்று சொல்லி 2009-ல் ஓர் உரையில் அவற்றுக்குக் 'காந்தி நியூரான்' என்று செல்லப் பெயரும் வைத்தார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் குமரி மாவட்டத்தில் பிறந்தவனுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். இந்த நியூரான் திருவிதாங்கூரில் அத்தனை காலம் என்ன செய்துகொண்டிருந்தது?

1956-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை நாங்கள் அந்தப் பக்கம். நாடார் உள்ளிட்ட சாதியாரின் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது, ஆண்கள் தலைப்பாகை கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது என்பது அங்கே வழக்கம், சட்டம், தெய்வக் கட்டளை எல்லாம். 1809-ல் பிறந்த ஒரு பிள்ளைக்கு முடிசூடும் பெருமாள் என்று பெயர் வைத்ததற்கே எதிர்ப்பு வந்து முத்துக்குட்டி என்று மாற்றினார்கள். பின்னாளில் அவர்தான் அய்யாவழியைத் தொடங்கிய ஐயா வைகுண்டர். தோள்சீலைக்காக 1822-ல் தொடங்கிய கலவரங்கள் பல கட்டமாக நடந்து, 1859 ஜூலையில் அரசாணை வந்தது. அந்த ஆணையைக் கவனித்துப் படிக்க வேண்டும். நாடார் பெண்கள் மார்பை மூடிக்கொள்ளலாம், ஆனால் உயர்சாதிப் பெண்கள் அணிவதைப் போல அணியக் கூடாது. அரண்மனைக்குத் துணி முக்கியமில்லை, வித்தியாசம்தான் முக்கியம். அந்த 'போல'வுக்கு மூளையில் எந்த இடத்தில் விளக்கு எரியும்?

வலித்தது உண்மை. 2003-ல் நவோமி ஐசன்பெர்கரும் கூட்டாளிகளும் ஒரு கணினிப் பந்து விளையாட்டில் ஆட்களை வேண்டுமென்றே ஒதுக்கிப் பார்த்தார்கள். உடல் வலியோடு தொடர்புள்ள முன் சிங்குலேட் பகுதி அப்போது கூடுதலாக இயங்கியது. சில நிமிடப் பந்தாட்டத்தில் ஒதுக்கினாலே அப்படி என்றால், தலைமுறை தலைமுறையாக ஒதுக்கினால்? இதை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன். ஆனால் எனக்குப் புதிராக இருப்பது பார்த்துக்கொண்டிருந்தவர்களின் மூளை.

அதற்கு அருகில் போன ஆய்வு ஒன்று உண்டு. 2006-ல் பிரின்ஸ்டனில் லசானா ஹாரிஸும் சூசன் ஃபிஸ்கும் மாணவர்களுக்குப் பலவகை மனிதர்களின் படங்களைக் காட்டினார்கள். இன்னொருவரின் மனத்தைப் பற்றி நினைக்கும்போது வழக்கமாக இயங்கும் முன்மூளையின் நடுப்பகுதி, தெருவில் வசிப்பவர்களையும் போதைக்கு அடிமையானவர்களையும் பார்த்தபோது அவ்வளவாக எழவே இல்லை. அருவருப்போடு தொடர்புள்ள பகுதிகள்தான் இயங்கின. மனிதரைப் பார்த்தும் மனிதராகப் பதியவில்லை. அடுத்த ஆண்டு அதே ஆய்வாளர்கள் கேள்வியை மாற்றினார்கள். படத்தில் இருப்பவரின் வயதை மதிப்பிடச் சொன்னபோது பழைய கதைதான். "இந்தக் காய்கறி இவருக்குப் பிடிக்குமா?" என்று கேட்டபோது அந்தப் பகுதி உயிர் பெற்றது. ஒரு காய்கறிக் கேள்வி போதுமானதாக இருந்தது.

இதைப் படித்த அன்று நான் நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். சாதியின் முதல் விதியே, அவன் என்ன சாப்பிடுகிறான் என்று நீ அறியாதே, அவன் தொட்டதைச் சாப்பிடாதே என்பதுதான். அடுத்த வீட்டுக்காரருக்கு மரச்சீனிக்கிழங்கோடு மீன்குழம்பு பிடிக்குமா, தேங்காய்த் துவையல் பிடிக்குமா என்று கேட்கும் வாய்ப்பே வராதபடி கிணறு, பந்தி, தெரு எல்லாவற்றையும் பிரித்து வைப்பது. மூளை அந்த ஏற்பாட்டுக்குள் வளர்ந்து, ஏற்பாடு சொன்னபடி அணைகிறது, எரிகிறது. வைகுண்டர் 1830-களில் என்ன செய்தார்? சாமித்தோப்பில் எல்லோருக்கும் பொதுவாக முத்திரிக்கிணறு வெட்டினார். ஒன்றாக உட்கார்ந்து உண்ணச் செய்தார். தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிட வரச் சொன்னார். கருவறையில் கண்ணாடி வைத்தார். இன்றும் அங்கே ஆண்கள் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் உள்ளே போகிறார்கள். காய்கறிக் கேள்வியைக் கேட்க வேண்டிய நிலைமையை ஒரு நிறுவனமாகவே கட்டினார் என்று எனக்குத் தோன்றியது. யார் யாரிடம் எந்தக் கேள்வியைக் கேட்கலாம் என்பதைச் சமூகம் முடிவு செய்கிறது. மூளை பதில் சொல்கிறது. என் கட்சி இதுதான்.

சித்தி மகளிடம் உற்சாகமாகச் சொன்னேன். அவள் அம்பேத்கரை எடுத்தாள். லாகூரில் பேச முடியாமல் போய் 1936-ல் அச்சில் வந்த உரையில், சாதி என்பது செங்கல் சுவர் அல்ல, அது ஒரு மனநிலை என்று அவரே சொல்கிறார். நான் துள்ளிக் குதித்தேன். "முழுவதும் படித்தீர்களா அண்ணே?" என்றாள். அதே உரையில், சேர்ந்து உண்பது பல இடங்களில் நடக்கிறது, ஆனாலும் சாதி சாகவில்லை, கலப்புத் திருமணம்தான் மருந்து என்கிறார். அந்த மனநிலைக்கு வேர் சாஸ்திரத்தின் அதிகாரத்தில் இருக்கிறது என்கிறார். ஸ்கேன் கருவிக்குள் சில நொடிகள் எரிந்த விளக்கு வீட்டுக்குப் போன பிறகும் எரிந்ததா என்று எந்தக் காய்கறி ஆய்வும் பார்க்கவில்லை என்றாள். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் 'மணமகள் தேவை' பக்கத்தைப் பிரித்தால் அவள் பக்கம்தான் நியாயம் இருக்கிறது.

இன்னொரு விஷயத்திலும் அவளிடம் எனக்குப் பதில் இல்லை. மண்டைக்காடு. 1982 மார்ச்சில், அங்கே அம்மன் கோயில் கொடை நேரத்தில் இந்துக்களுக்கும் கிறிஸ்தவ மீனவர்களுக்கும் இடையே கலவரம் மூண்டு, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் இறந்து, பிறகு ஊர் ஊராகப் பற்றி, வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. அதுவரை எங்கள் வீட்டுக்குக் கடற்கரையிலிருந்து மீன் கூடையோடு வந்துகொண்டிருந்த அம்மாள் அதன் பிறகு வெகுநாள் வரவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறாள். கடைசியாக வாங்கிய சாளைக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி முந்தியில் முடிந்தபடியே இருந்ததாம். பயத்துக்கு மூளையில் அமிக்டலா என்றொரு பகுதி என்கிறீர்கள், எல்லோருக்கும் அமிக்டலா 1981-லும் இருந்ததே, ஏன் 1982? இது அவள் கேள்வி. கோயில், தேவாலயம், கடலில் குளிக்கும் இடம், ஒலிபெருக்கி, ஊர்வலம், பேசியவர்கள், அதிகாரிகள் என்று வரிசையாக அடுக்கித்தான் பதில் சொல்ல முடியும். அந்த வரிசையில் மூளை எங்கேயும் முன்னால் வராது.

ஆனால் அவளுடைய படிப்புக்கும் ஒரு முட்டுச் சந்து உண்டு. எங்கள் அறையில் நான் கண்டது. எண்பதைத் தாண்டிய ஒரு தாத்தா, பழைய கூலி விவசாயி. மின்முனைகளை ஒட்டி, தோளில் கிடந்த துண்டை வாங்கி நாற்காலியில் போட்டுவிட்டு, கண்ணை மூடச் சொன்னேன். பின்மண்டைக் கோடுகளில் ஆல்ஃபா அலை அழகாக விழுந்துகொண்டிருந்தது. அப்போது வராந்தாவில் ஒரு குரல் கேட்டது. வேறொரு நோயாளியைப் பார்க்க வந்தவர், தாத்தா முன்பு வேலை செய்த நிலத்தின் சொந்தக்கார வீட்டு ஆள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. குரல் கேட்ட கணத்தில் ஆல்ஃபா அறுந்தது. நெற்றிக் கோடுகள் தடித்துக் கறுத்தன, தசை இறுகியதன் அடையாளம். தாத்தாவின் வலது கை எழுந்து இடது தோளைத் தடவியது, இல்லாத துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்குவதற்கு. எழுந்திருக்கவும் பார்த்தார். "படுத்திருங்கள் தாத்தா" என்று பிடித்துக்கொண்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேரன் கைபேசியிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. அதே வம்சம், அதே ரத்தம், அவன் உடம்பில் அந்த அசைவு இல்லை.

பதிவில் அந்த இடத்தைக் குறித்து 'அசைவினால் வந்த கலப்படம்' என்று எழுதினேன். டாக்டருக்கு அது தேவையற்ற குப்பை. வாசிக்கும்போது அந்த நொடிகளைத் தாண்டிப் போய்விடுவார். சித்தி மகளிடம் சொன்னபோது, "நீங்கள் தள்ளியதுதான் எங்கள் பாடம்" என்றாள். உடம்பை நடத்தும் விதமே சமூகம் கற்றுக்கொடுப்பது என்று மார்செல் மோஸ் 1934-ல் பேசியதை நினைவுபடுத்தினாள். சரி. ஆனால் நிலச் சீர்திருத்தம் வந்து, கூலி உயர்ந்து, வாக்குரிமை வந்து, எசமான் வீடே விற்றுப் போன பிறகும் அந்தக் கை ஏன் எழுகிறது? அதற்கு அவளிடம் 'உள்வாங்குதல்' என்ற சொல் மட்டும்தான் இருக்கிறது. எங்கே, எப்படி உள்வாங்குகிறது என்று கேட்டால் நரம்பியலிடம்தான் வர வேண்டும். 1953-ல் வலிப்புக்காக மூளை அறுவை செய்துகொண்ட ஹென்றி மொலைசனுக்குப் புதிய நினைவுகளே தங்காமல் போயின. ஆனாலும் கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். முந்தின நாள் வரைந்தது அவருக்கு நினைவில் இல்லை, கைக்கு நினைவிருந்தது. பிரெண்டா மில்னரின் இந்தக் கண்டுபிடிப்பு, மனம் அறியும் நினைவும் உடம்பு பழகும் பழக்கமும் வேறு வேறு பாதையில் போகின்றன என்று காட்டியது. அரசாணை முதல் பாதைக்குத்தான் போய்ச் சேர்கிறது. சட்டம் மாறிய பிறகும் சமூகம் எங்கே தங்கியிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் சமூகவியலில் காணவில்லை. அவளும் இதுவரை காட்டவில்லை.

இந்த ஓணத்துக்கு அவள் வீட்டுக்கு வந்திருந்தபோது நாங்கள் சேர்ந்து ஓர் ஆய்வைத் திட்டமிட்டுப் பார்த்தோம். காகிதத்தில் மட்டும்தான். அமெரிக்காவில் ஈவா டெல்சர் குழுவினர் 2013-ல் வெளியிட்ட முடிவு எங்களுக்குத் தூண்டுகோல். கறுப்பின முகத்தைப் பார்க்கும்போது அமிக்டலாவில் தெரியும் வேறுபாடு சிறு பிள்ளைகளிடம் இல்லை, பதின்பருவத்தில்தான் தோன்றுகிறது, பலவகைப் பிள்ளைகளோடு பழகி வளர்ந்தவர்களிடம் குறைவாக இருக்கிறது என்றார்கள். 32 பேரை வைத்துச் செய்த சிறிய ஆய்வுதான். அதே கேள்வியைக் குளச்சல் சுற்றுவட்டாரத்தில் கேட்டால்? கடற்கரைப் பிள்ளையும் உள்நாட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில் இருக்கும் பள்ளி, இல்லாத பள்ளி, ஆறு வயது முதல் 14 வயது வரை. ஸ்கேனுக்குப் பணம் எங்கே, பெற்றோர் சம்மதிப்பார்களா என்பதெல்லாம் இரண்டாவது. முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டோம். பிள்ளைகளை எப்படிப் பிரிப்பது? கடற்கரை, உள்நாடு என்று இரண்டு கட்டம் போட்டேன். கடற்கரையில் மீன் தொழில் செய்யாதவர்களை எங்கே போடுவது என்றாள். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., முஸ்லிம், அய்யாவழி, மற்ற இந்துக்கள் என்று அவள் கோடு கிழித்தாள். கட்டங்கள் பெருகின. அப்புறம் சாதி. அப்புறம் அம்மா ஒரு பக்கம், அப்பா ஒரு பக்கம் என்றிருக்கும் பிள்ளைகள். எல்லோருக்கும் ஒரே பட்டியல் இல்லாமல் எண்களை ஒப்பிட முடியாது என்று நான் சொல்கிறேன். ஆறு வயதுப் பிள்ளையின் பட்டியலும் 14 வயதுப் பிள்ளையின் பட்டியலும் ஒன்றாக இருக்காது, அது எந்த வயதில் எப்படி மாறுகிறது என்பதைத்தான் முதலில் பள்ளியில் உட்கார்ந்து கவனிக்க வேண்டும், கருவியெல்லாம் அதற்குப் பிறகு என்று அவள் சொல்கிறாள். தாள் அவளிடம் இருக்கிறது. கடைசியாகப் பேசியபோது கட்டங்களின் எண்ணிக்கையை 11 ஆக்கியிருந்தாள்.